தடுப்பூசி பாதிப்பு இழப்பீடு: அமெரிக்க அரசு காரணத்தை ஒப்புக்கொள்ளாமல் சமரசத்துக்கு வந்தால் கையெழுத்துப் போடலாமா?

"மனு போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அரசுத் தரப்பு ஒரு தொகையைச் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் தடுப்பூசியால்தான் பாதிப்பு வந்தது என்று எழுதித் தரமாட்டார்களாம். இதில் கையெழுத்துப் போட்டால் நாங்கள் பொய் சொன்னதாக ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். அதற்கு முந்தைய மூன்று வாரமும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு அக்டோபர் மாதம், வேலைக்குப் போகிற வழியில் ஒரு மருந்தகத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், போட்டவர் நின்றபடியே குத்தினார். சட்டைக் கையைச் சுருட்ட முடியாமல் கழுத்துப் பக்கமாக இழுத்துவிட்டிருந்தேன். ஊசி புஜத்தின் சதையில் இறங்காமல் தோள்பட்டையின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அன்று இரவே வலது கையைத் தூக்க முடியவில்லை. ஊசி தசையைத் தாண்டி மூட்டைச் சுற்றியுள்ள பகுதிக்குள் போய்விட்டால் இப்படி அழற்சி வரும். இந்தப் பாதிப்பைச் சுருக்கமாக 'சிர்வா' என்கிறார்கள். மருந்தில் கோளாறு இல்லை, குத்திய இடம்தான் தப்பு.

ஊசி வலிதானே, நாலு நாளில் போய்விடும் என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் போனது. மகளுக்குத் தலை பின்ன முடியாமல், கணவர்தான் பின்னக் கற்றுக்கொண்டார். பிப்ரவரியில் டாக்டரிடம் போனபோது, "அக்டோபரிலிருந்தே இருக்கிறது, ரெண்டு மாசமா தாங்க முடியல" என்றேன். அவர் குறிப்பில் எழுதியது, "இரண்டு மாதமாகத் தோள்வலி" என்று மட்டும். ஊசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வழக்கு சமரசத்தில் முடிந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

ஏன் என்று புரிய, இந்தத் திட்டம் நடக்கும் விதம் தெரிய வேண்டும். 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 1988 அக்டோபரிலிருந்து தேசிய தடுப்பூசி பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. நீங்கள் வழக்காடுவது மருந்துக் கம்பெனியோடு அல்ல, ஊசி போட்டவரோடும் அல்ல. எதிர்மனுதாரர் மத்திய சுகாதாரத் துறைச் செயலர். அவருக்காக நீதித்துறை வக்கீல்கள் வருவார்கள். வாஷிங்டனில் உள்ள மத்திய உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் 'ஸ்பெஷல் மாஸ்டர்' எனப்படும் தனி நடுவர்கள் விசாரிப்பார்கள். ஜூரி கிடையாது. பணம் ஒரு பொது நிதியிலிருந்து வருகிறது. இந்தத் திட்டத்தில் வரும் ஒவ்வொரு தடுப்பூசியிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி பிடித்து அந்த நிதியில் போடுகிறார்கள். ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட், மூன்று நோயைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசிக்கு 2.25 டாலர்.

எந்த ஊசிக்குப் பின், எத்தனை நேரத்துக்குள், என்ன பாதிப்பு வந்தால் ஊசியே காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. சிர்வா என்றால் வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஊசி போட்ட தோளில் மட்டுமே இருக்க வேண்டும், அதற்குமுன் அந்தத் தோளில் தொந்தரவு இருந்திருக்கக் கூடாது. ஃப்ளூ ஊசிக்குப் பின் வரும் கில்லன் பாரே நரம்புப் பாதிப்பு என்றால் 3 முதல் 42 நாளுக்குள். இவை இரண்டும் 2017-ல்தான் அட்டவணையில் சேர்ந்தன. அட்டவணைக்குள் பொருந்தினால் நிரூபிக்கும் சுமை பெருமளவு குறைந்துவிடும். பொருந்தாவிட்டால் மருத்துவ நிபுணர்களை வைத்து, ஊசிதான் காரணமாக இருக்கக்கூடும் என்பதை நாமே காட்ட வேண்டும். எப்படியானாலும் பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை வரை போயிருக்க வேண்டும், அல்லது உயிரிழப்பு நேர்ந்திருக்க வேண்டும்.

என் மனுவில் அந்த 48 மணி நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் குறிப்பின்படி வலி டிசம்பரில்தானே தொடங்கியது என்றார்கள். எங்களிடம் கணவரின் சத்தியப் பிரமாணமும், ஊசி போட்ட மறுநாள் காலை நான் என் அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருந்தன. "ஊசி போட்ட கையைத் தூக்கவே முடியலக்கா" என்று தேதி, நேரத்தோடு அது அப்படியே இருந்தது. (இன்னும் மனு போடாதவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.) வக்கீல் வெளிப்படையாகச் சொன்னார்: "வாதாடினால் ஜெயிக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் தோற்றால் கையில் ஒன்றும் வராது. ஜெயித்தாலும் அவர்கள் மறுஆய்வுக்குப் போகலாம்." அதற்குள் இரண்டு வருடம் ஓடியிருந்தது. அப்புறம் தொகை பேசினோம். நாங்கள் கேட்டதற்கும் அவர்கள் சொன்னதற்கும் நடுவில், எங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளி முடிந்தது.

பிறகுதான் அந்த ஒப்பந்தத் தாள் வந்தது. மனுதாரர் இப்படிச் சொல்கிறார் என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில், மனுதாரருக்கு அட்டவணைப்படியான பாதிப்பு ஏற்பட்டதை எதிர்மனுதாரர் மறுக்கிறார், ஊசியால் தோள் பாதிப்போ வேறு பாதிப்போ வந்ததையும் மறுக்கிறார், இப்போதைய நிலை அதன் தொடர்ச்சி என்பதையும் மறுக்கிறார். மறுக்கிறார், மறுக்கிறார், மறுக்கிறார். படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பணம் தருகிறவர்கள் ஏன் என்னைப் பொய்க்காரி என்கிறார்கள் என்று அழுதேன்.

கணவர்தான் அடுத்த வரியைக் காட்டினார். இரு தரப்பும் தங்கள் நிலையை விட்டுக்கொடுக்காமலே இந்த வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள் என்று இருந்தது. அதாவது நான் சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. என் வலி அக்டோபரில் தொடங்கியது என்பது அந்தத் தாளில் என் வாக்காக அப்படியே நிற்கிறது. நீங்களும் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். மறுப்பை மட்டும் படித்துவிட்டு நொந்துபோகாதீர்கள்.

அதே நேரம் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தில் இழப்பீடு கிடைத்த வழக்குகளில் சுமார் 60 சதவீதம் இப்படிச் சமரசத்தில் முடிந்தவைதான். அவற்றில் ஊசிதான் காரணம் என்று அரசு முடிவுக்கு வரவில்லை. அதனால் என் வழக்கை ஆதாரமாகக் காட்டி யாரும் ஊசியே வேண்டாம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குடும்பக் குழுவில் ஒரு உறவினர் அப்படிப் பரப்பியபோது அங்கேயே பதில் போட்டேன். சுகாதாரத் துறைக் கணக்குப்படி, 2006-க்குப் பிறகு விநியோகமான ஊசிகளில் பத்து லட்சத்துக்குச் சுமார் ஒருவருக்குத்தான் இழப்பீடு கிடைத்திருக்கிறது. அந்த ஒருத்தி நான் என்பதும் உண்மை, அது ஒன்றுதான் என்பதும் உண்மை. இப்போதும் வருடாவருடம் இடது கையில் போட்டுக்கொள்கிறேன், போடுகிறவரை உட்காரச் சொல்லிவிட்டு.

பண விஷயம். வலி, வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். 1986-ல் வைத்த அந்த எண் இன்றுவரை மாறவில்லை என்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. கைக்காசில் செய்த சிகிச்சைச் செலவும் இழந்த சம்பளமும் இதற்குத் தனி. வக்கீல் உங்கள் தொகையில் பங்கு கேட்கக் கூடாது. அவருடைய கட்டணத்தை நீதிமன்றம் தீர்மானித்து அதே நிதியிலிருந்து தருகிறது. நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட மனு என்றால் தோற்றாலும் கட்டணம் உண்டு. ஆகவே "வக்கீல் தன் லாபத்துக்காக முடிக்கச் சொல்கிறாரோ" என்று ரொம்பச் சந்தேகப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் நேராகவே கேளுங்கள்.

என் கருத்து இதுதான். உங்கள் ஆவணங்கள் அட்டவணையோடு சுத்தமாகப் பொருந்தினால், அரசு ஒப்புக்கொள்ளும் வரை விடாதீர்கள். என்னைப் போல நடுவில் ஒரு ஓட்டை இருந்தால், அந்த ஓட்டை எவ்வளவு பெரிது, சொல்கிற தொகை அதற்கு ஏற்றதா என்று வக்கீலோடு உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் இன்னும் இரண்டு வருடம் காத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்று தோன்றியது, போட்டேன்.

ஒன்று மட்டும் முன்னாலேயே தெரிந்திருக்கலாம் என்று வருந்துகிறேன். தீர்ப்பு வந்ததும் அது பொதுவெளியில் போய்விடும், உங்கள் பெயரோடும் தொகையோடும். குழந்தைகளுக்கு மட்டும் முதலெழுத்து போடுவார்கள். மருத்துவ விவரம் ஏதாவது மறைக்க வேண்டுமென்றால் 14 நாளுக்குள் காரணம் காட்டிக் கேட்க வேண்டும், கேட்டதெல்லாம் கிடைக்கவும் கிடைக்காது. நான் அந்த 14 நாளைத் தவறவிட்டேன். தொகையைச் சொன்னால் அதை வைத்து என் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம், இங்கே அதைச் சொல்லாததற்கு அதுதான் காரணம். கையெழுத்துப் போடும் அன்றே வக்கீலிடம் இதையும் பேசிவிடுங்கள்.