ஃபிராங்ஃபர்ட் சோமாலியாவில் போய் நிற்பது ஏன்?

வணக்கம். ஏஐஎக்ஸ்எம் 5.1 (விமானப் போக்குவரத்துத் தகவல்களைப் பரிமாறும் தரவு முறை) கோப்பை வரைபடத்தில் ஏற்றினால் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையம் சோமாலியாவில் விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோப்பில் தப்பில்லை, படிக்கும் வரிசைதான் மாறிவிட்டது. கோப்பில் அந்த விமான நிலையத்தின் இடம் ‘50.033 8.571’ என்று இருக்கும்; இதில் முதலில் இருப்பது அட்சரேகை. உங்கள் வரைபடத்துக்கான ஜியோஜேசன் என்ற தரவு முறை தீர்க்கரேகையைத்தான் முதலில் எதிர்பார்க்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கோப்பில் எஸ்ஆர்எஸ்நேம் (srsName) என்ற பண்பைப் பாருங்கள்; எந்த ஆயத்தொலை முறை என்று அதுதான் சொல்லும். அதில் இபிஎஸ்ஜி 4326 என்ற முறையைக் குறிக்கும் யூஆர்என் (‘urn:’ என்று தொடங்கும் பெயர்) இருந்தால் அட்சரேகை முதலில். சிஆர்எஸ்84 என்ற முறை இருந்தால் தீர்க்கரேகை முதலில். புள்ளியில் அந்தப் பண்பு இல்லையா? அந்தப் புள்ளியை உள்ளடக்கிய வெளி வடிவத்தின் குறிச்சொல்லில் இருக்கும், அங்கே தேடுங்கள்.

அப்புறம், வான்வெளி எல்லைகளில் வட்டம், வில் எல்லாம் வரும். அவற்றின் மையப்புள்ளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்கும் இதே விதிதான்.