பெரிய டெலஸ்கோப் இல்லாமல் ஒரு சிறுகோள் குழுவை ஆராய முடியுமா?

புதுச்சேரியில் இயற்பியல் படிக்கிறேன், சிறுகோள்களில் ஒரு குழுவின் பாதையையும் தன்மையையும் ஆராய ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும் தம்பி. கொரோனிஸ் குடும்பத்தை எடுங்கள்.

1918-ல் ஜப்பானின் கியோட்சுகு ஹிராயாமா முதலில் அடையாளம் கண்ட மூன்று குடும்பங்களில் இதுவும் ஒன்று. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சூரியனிலிருந்து சுமார் 43 கோடி கி.மீ. தொலைவில், எப்போதோ ஒரு பெரிய கல் மோதி உடைந்ததன் சிதறல். குடும்பம் என்றதும் கூட்டமாகப் பறக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். சூரியனைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவிக் கிடக்கின்றன, அதனால் இன்றைக்கு வானத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வியாழன், சனி இழுப்பால் பாதைகள் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைக் கழித்த பிறகு நிலையாக நிற்கும் சூரியத் தூரம், பாதையின் நீள்வு, பாதையின் சாய்வு மூன்றும்தான் உறவைக் காட்டும். இந்த எண்கள் ஆஸ்ட்டிஸ் (AstDyS) என்ற இணையதளத்தில் இலவசம். பைத்தான் நிரலில் வரைபடமாகப் புள்ளி வைத்துப் பாருங்கள், கொத்துகள் கண்ணில் படும்.

ஆனால் கொத்துக்குள் இருப்பதெல்லாம் சொந்தம் இல்லை. கல்யாண வீட்டில் யாரோ வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி அந்நியர்களும் உண்டு. கொரோனிஸ்காரர்கள் சிலிக்கேட் பாறை. நடுவில் கரிப்பிடித்தது போல ஒன்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். கையா விண்கலம் 2022-ல் வெளியிட்ட 60,000-க்கு மேற்பட்ட சிறுகோள்களின் நிறமாலை இதற்கு உதவும், அதுவும் இலவசம்தான்.

எனக்குப் பிடித்தது சுழற்சி. உடைந்து சிதறிய கற்கள் ஆளுக்கொரு திசையில்தானே சுழல வேண்டும்? வானியலாளர் ஸ்டீபன் ஸ்லிவன் 2002-ல் இந்தக் குடும்பத்தில் சில கற்களின் அச்சுகளைக் கணக்கிட்டபோது அவை இரண்டே திசைகளில் சேர்ந்து நின்றன. வெயிலில் சூடான கல் அந்த வெப்பத்தை வெளியே விடும்போது மிகச் சிறிய தள்ளு விசை பிறக்கிறது, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அதுவே சுழற்சியை மாற்றிவிடுகிறது, கூடவே சனியின் பாதை அசைவும் சேர்ந்து அச்சைப் பிடித்து நிறுத்துகிறது என்று மறு ஆண்டே விளக்கம் வந்தது. வெயிலுக்கு இவ்வளவு வேலையா என்று இன்னும் வியப்புதான் எனக்கு.

சொந்தமாக அளக்க வேண்டுமென்றால் இதே குடும்பத்துக் கல்லான ஐடா. 1993-ல் கலிலியோ விண்கலம் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது, டாக்டில் என்ற குட்டி நிலவு தெரிய வந்ததும் அதில்தான். 8 அங்குல டெலஸ்கோப்பும் ஒரு கேமராவும் போதும். 4 மணி 38 நிமிடத்தில் ஒரு சுற்று, நீளமான கல் என்பதால் வெளிச்சம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஒரே ராத்திரியில் முழுசாகப் பிடித்துவிடலாம். கடலூரில் எங்கள் மாடியில் ஐப்பசி, கார்த்திகை சுத்தமாக வீண், மேகம். தை முதல் பங்குனி வரை பரவாயில்லை, ஆனால் கடற்காற்றின் ஈரம் நள்ளிரவுக்குள் கண்ணாடியில் பனியாகப் படிந்துவிடும், தலைமுடி காயவைக்கும் டிரையரை வைத்துக்கொள்ளுங்கள். (வீட்டில் முறைப்பார்கள்.)

ஒன்று மட்டும்: ஒரு சீசன் அளவீட்டில் சுழலும் நேரம் கிடைக்கும், அச்சுத் திசை கிடைக்காது. அதற்கு ஐடாவைப் பல கோணங்களிலிருந்து, அதாவது பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அளந்தவை ஏ.எல்.சி.டி.இ.எஃப். (ALCDEF) என்ற, சிறுகோள்களின் வெளிச்ச அளவீடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் திறந்த தொகுப்பில் கிடைக்கின்றன, உங்களுடையதை அவற்றோடு சேர்த்துக் கணக்குப் போடலாம்.