முற்றத்தில் விழுந்த பனை உழவாரன்

வணக்கம். திருமங்கலத்தில் உங்கள் வீட்டு முற்றத்தில் விழுந்த, பிளவுபட்ட வாலும் அரிவாள் போன்ற நீண்ட சிறகும் உடைய குருவி, காயமில்லாமலும் எழும்பாததால் பறக்க இயலாத இனமோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள், பகலெல்லாம் வானிலேயே பூச்சி பிடித்து வாழும் பனை உழவாரனுக்குப் பொருந்துகின்றன. பிற பறவைகள் காலால் உந்தி எழும்பி, சிறகால் காற்றைக் கீழே தள்ளி மேலேறுகின்றன. இதற்கோ கால்கள் மிகவும் குட்டை, ஆதலால் பனையோலையிலிருந்து விழுந்தபடியே வேகம் பெற்றுப் பழகிய அதற்குத் தரையிலிருந்து கிளம்புவது பெரும்பாடு. பறப்புத் தசைகள் பற்றிக்கொள்ளும் முகடே மார்பெலும்பில் இல்லாத நெருப்புக்கோழியின் நிலை முற்றிலும் வேறு. தயவுசெய்து அதை மேலே வீசாதீர்கள், வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். வெயில் ஏறுமுன் திறந்த வெளியில், விரித்த உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். அப்போதும் பறக்கவில்லையென்றால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள்.