கோரைச் சிலுவை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அயர்லாந்தில் கார்க் நகரில் வசிக்கிறேன். பிப்ரவரி ஆரம்பத்தில் மகள் பள்ளியிலிருந்து கோரையில் முடைந்த சிலுவை ஒன்றைக் கொண்டுவந்தாள். பிரிஜிட் சிலுவையாம், வாசல் நிலைக்கு மேலே செருகவேண்டுமாம். எங்கள் ஊர்க் காப்புக்கட்டு ஞாபகம் வந்தது. டீச்சர், பிரிஜிட் ஒரு புனிதர் என்கிறார். இணையத்திலோ, அவள் அயர்லாந்தின் பழங்குடிகளான செல்டிக் மக்களின் தெய்வம், அந்த மக்கள் மார்ச் 20 வாக்கில் முட்டையும் முயலுமாக ‘ஒஸ்தாரா’ கொண்டாடி வசந்தத்தை வரவேற்றார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது?

க., கார்க்

அன்புள்ள க.,

முதலில் ஒஸ்தாராவை ஒதுக்கிவிடுவோம். 725 வாக்கில் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, தம் முன்னோர் ஏப்ரல் மாதத்தை இயோஸ்ட்ரே என்ற தெய்வத்தின் பேரால் அழைத்ததாகப் போகிற போக்கில் எழுதிவைத்தார். அதை வைத்துக்கொண்டு 1835-இல் யாக்கோப் கிரிம் ஒஸ்தாரா என்ற ஜெர்மானியத் தெய்வத்தை ஊகித்தார். அந்தப் பெயரை மார்ச் மாதச் சம இரவு நாளுக்குச் சூட்டியவர்கள் 1970களின் அமெரிக்க நவீன பேகன்கள், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளை மீட்க முயல்பவர்கள். செல்டிக் மக்களுக்கு இதில் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பழைய ஐரிஷ் நூல்களில் ஆண்டைப் பிரிக்கும் நாட்கள் நான்கு. நவம்பர் 1 சவின், பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. வசந்தம் இம்போல்கில் தொடங்குகிறது. செம்மறிகளுக்குப் பால் சுரக்கும் காலம் என்கிறார்கள். அன்று என்ன சடங்கு செய்தார்கள் என்று கேட்டால், கிறிஸ்தவத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றி விவரமாக ஒரு வரி கூடக் கிடையாது.

பிரிஜிட் தெய்வம் என்பது மட்டும் கட்டுக்கதை இல்லை. 900 வாக்கில் தொகுக்கப்பட்ட கோர்மக்கின் சொற்களஞ்சியம் என்ற பழைய ஐரிஷ் அகராதி அவளைக் கவிஞர்கள் வணங்கிய தெய்வம் என்கிறது. அதே பெயரில் அவளுக்கு இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லு வேலைக்கு. அயர்லாந்தின் கில்டேர் ஊரில் மடத்தை நிறுவியவராகச் சொல்லப்படும் புனித பிரிஜிட்டின் திருநாளும் பிப்ரவரி 1-தான். தெய்வத்தின் சாயல் புனிதர்மேல் படிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்காக, இன்று நாம் அறிந்த வழக்கங்களையெல்லாம் ‘பேகன் சடங்கு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவற்றைச் செய்துவந்தவர்களும், நாட்டார் வழக்காறு சேகரிக்க வந்தவர்களிடம் சொல்லிவைத்தவர்களும் கத்தோலிக்கக் குடியானவர்கள். அவர்களிடமிருந்து பிடுங்கி முகம் தெரியாத பூசாரிகளிடம் ஏன் கொடுக்கவேண்டும்?

அந்த வீடுகளில் நடந்ததைக் கேளுங்கள். ஜனவரி 31 மாலை. கோரையை அரிவாளால் அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்கவேண்டும். வடக்குப் பகுதிகளில் வீட்டில் ஒருவர், பல இடங்களில் ஒரு பெண்பிள்ளை, அந்தக் கட்டோடு சாத்திய கதவுக்கு வெளியே மண்டியிட்டு, ‘முழங்காலிடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்’ என்று குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர்கள் ‘வருக, வருக’ என்பார்கள். அப்புறம் கதவு திறக்கும். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு, அதே கோரையில் சிலுவை முடைவார்கள். பழைய சிலுவையைத் தூக்கிப் போடமாட்டார்கள், கூரையின் உட்பக்கம் செருகி வைப்பார்கள். எண்ணினால் வீட்டின் வயது தெரியும்!

வெளியே புதர்மேலோ ஜன்னல் விளிம்பிலோ ஒரு துணியைப் போட்டுவைப்பதும் உண்டு. இரவில் பிரிஜிட் அதைத் தொட்டுப் போவாள். தலைவலிக்குக் கட்டிக்கொள்ள, கன்று ஈனச் சிரமப்படும் மாட்டின் மேல் போட, ஆண்டு முழுக்க அந்தத் துணிதான்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது வைக்கோல் கணக்கு. அன்றைக்குள் கால்நடைத் தீவனத்தில் பாதியாவது மிச்சமிருக்கிறதா என்று குடியானவர் போரைப் பார்ப்பார். பாதிக்குக் கீழே போயிருந்தால், புல் தழைக்கும்வரை மாடு என்ன தின்னும்? வசந்தத்தை வரவேற்றவர்களுக்கு இந்தப் பயமும் கூடவே இருந்தது. இணையப் படங்களில் முயல்தான் இருக்கிறது, வைக்கோல் போர் இல்லை.

2023 முதல் அயர்லாந்தில் பிரிஜிட் திருநாளுக்குப் பொது விடுமுறை, பெரும்பாலும் பிப்ரவரி முதல் திங்கட்கிழமை. அடுத்த ஆண்டு மகளோடு கில்டேருக்குப் போய்வாருங்கள். பேராலய வளாகத்தில் நெருப்புக்கூடத்தின் அடித்தளம் இருக்கிறது. 1180களில் வேல்சுக்காரர் ஜெரால்டு என்ற பாதிரியார், கன்னியர் பத்தொன்பது பேர் இரவுக்கு ஒருவராக அணையாமல் காத்த நெருப்பு, இருபதாம் இரவு பிரிஜிட்டின் முறை என்று எழுதியது அந்த ஊரைப் பற்றித்தான். அங்கே யாராவது அதைச் செல்டிக் கோயில் என்று அடித்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.