கேள்வி பதில்: டெல்டாவில் ஹர்டில்ஸ் கோச்சாக இருப்பது

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்கு ஸ்பிரிண்ட்ஸும் (குறுந்தூர ஓட்டம்) ஹர்டில்ஸும் (தடை ஓட்டம்) சொல்லிக்கொடுக்கிறேன். நானும் ஒரு காலத்தில் 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடியவள்தான். இந்த வேலையைப் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மன்னார்குடி மாணவர்: மேடம், பி.எஸ்சி. கடைசி வருடம். பல்கலைக்கழக அணிக்காக 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடியிருக்கிறேன். கல்லூரியில் ஹர்டில்ஸ் கோச் ஆக வேண்டும் என்றால் என்ன படிக்க வேண்டும்?

தம்பி, நம் கல்லூரிகளில் ஹர்டில்ஸ் கோச் என்று ஒரு பணியிடமே கிடையாது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்பிரிண்ட்ஸ், ஹர்டில்ஸுக்கு ஒருவர், எறிதலுக்கு ஒருவர் என்று ஆள் வைத்திருப்பார்கள். இங்கே இருப்பது உடற்கல்வி இயக்குநர் பதவி. கபடி அணிக்கு ஜெர்சி வாங்குவதும், சுதந்திர தின அணிவகுப்பும், ஹாஸ்டல் பையன்கள் சண்டையை விலக்குவதும் அவர் தலையில்தான். இத்தனைக்கும் நடுவில் காலை ஆறு மணிக்குத் தடைகளைத் தூக்கி வைத்தால்தான் நீங்கள் ஹர்டில்ஸ் கோச். யாரும் அந்தப் பெயரை உங்களுக்குக் கொடுக்கப் போவதில்லை, நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போகும் வழி இரண்டு. ஒன்று ஆசிரியர் வழி: பி.பி.எட். (உடற்கல்வி இளநிலைப் பட்டம்) இரண்டு வருடம், எம்.பி.எட். (முதுநிலை) இரண்டு வருடம், அதில் 55 சதவீதம், அப்புறம் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி விளையாட்டில் கலந்துகொண்ட சான்றும் வேண்டும், உடற்தகுதித் தேர்வும் உண்டு. 30 வயதுக்குள் இருக்கும் ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் போக வேண்டும். உங்களுக்கு அது விளையாட்டு. ஆனால் படிக்கும் காலத்தில் ஓட்டத்தை அடியோடு விட்டுவிட்டு இந்தத் தேர்வில் மூச்சு வாங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று பயிற்சியாளர் வழி: பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஒரு வருட டிப்ளமோ. எல்லோரும் என்.ஐ.எஸ். என்பது இதைத்தான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலோ சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையங்களிலோ கோச் வேலைக்குப் போக இதுதான் கை கொடுக்கும். ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் அதையே டிப்ளமோ மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால் பி.பி.எட்., அப்புறம் என்.ஐ.எஸ்., அதற்குப் பிறகு எம்.பி.எட். என்று போங்கள். வயது ஓடிவிடுமே என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு பையனின் ஓட்டத்தைப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்லும் கண், என்.ஐ.எஸ்.ஸில் அந்த ஒரு வருடம் வெயிலில் நிற்கும்போதுதான் திறக்கும்.

பாபநாசத்திலிருந்து ஒரு அம்மா: பையன் இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறான். சம்பளம் வருமா?

எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது அம்மா. யு.ஜி.சி. அளவில் நிரந்தர வேலை என்றால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் அந்த இடங்கள் குறைவு, விளம்பரம் வருவதும் அரிது. சுயநிதிக் கல்லூரியில் தொகுப்பூதியம்தான்; அதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. சேரும்போதே காலைப் பயிற்சி வேலை நேரத்தில் சேருமா என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஆறு மணிக்கு மைதானம், ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு, மாலை ஆறு வரை மறுபடி மைதானம் என்று ஓடி இரண்டே வருடத்தில் சலித்துப் போனவர்கள் நிறைய பேர். பையன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு, ரயில்வே, காவல்துறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

திருவையாறிலிருந்து ஒரு அப்பா: மகள் பத்தாம் வகுப்பு, 100 மீட்டர் ஓடுகிறாள். பி.டி. சார் ஹர்டில்ஸ் போடச் சொல்கிறார். விழுந்து கால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான் சார். ஆனால் முதல் நாளே முழு உயரத்தில் யாரும் ஓட விட மாட்டார்கள், விடவும் கூடாது. 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தடை உயரம் 76.2 சென்டிமீட்டர், பெரியவர்களுக்கு 83.8. ஆண்களை ஒப்பிட்டால் இந்த ஏற்றம் சின்னது, அதனால் பெண்களுக்கு மாறுவது அவ்வளவு சிரமமில்லை. ஜோதி யர்ராஜி 2022-ல் 100 மீட்டர் ஹர்டில்ஸை 13 விநாடிக்குக் கீழே ஓடிய முதல் இந்தியப் பெண் ஆனார் என்றால் அதற்கு முதல் காரணம் ஓட்ட வேகம். உங்கள் மகளுக்கு வேகம் இருக்கிறது, மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு. வெளியூர் மீட்டுக்கு (போட்டிக்கு) போகும்போது கூட வரும் பெண் ஆசிரியர் யார், எங்கே தங்குகிறார்கள், திரும்பி எத்தனை மணிக்கு வருவார்கள். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் கோச்சிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். இன்னொன்றை அவள் அம்மாவிடம் சொல்லுங்கள். பயிற்சி கூடியபின் மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் 'ஓடுகிற பிள்ளை, அப்படித்தான்' என்று விடாமல் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் சாப்பாடு பயிற்சிக்குப் போதாததால் வருவது, எலும்புவரை பாதிக்கும்.

வேதாரண்யம் உடற்கல்வி ஆசிரியர்: பள்ளியில் தடைகள் கிடையாது. மூங்கிலில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். பி.வி.சி. குழாய் இன்னும் நல்லது, லேசாக இருக்கும், பட்டால் வலிக்காது. குறுக்குக் கட்டையை மட்டும் இரண்டு பக்கமும் கட்டிப் போடாதீர்கள். சும்மா எடுத்து வைத்தது மாதிரி இருக்க வேண்டும், தட்டினால் விழ வேண்டும்.

எங்கிருந்தாவது பழைய இரும்புத் தடைகள் கிடைத்தால், ஒன்று சொல்கிறேன், கூட வேலை பார்க்கும் எல்லோரிடமும் சொல்லுங்கள். தடையின் அடிக்கால்கள் ஓடி வருபவரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் பட்டதும் தடை அவர் போகும் பக்கமே சாயும். திருப்பி வைத்துவிட்டால் சாயாது, சுவர் மாதிரி நிற்கும். முழங்காலோ முன்பல்லோ போகும். மாவட்ட மீட்டில்கூடத் தன்னார்வலர் பிள்ளைகள் அவசரத்தில் திருப்பி வைத்துவிடுவது உண்டு. ஸ்டார்ட்டர் விசில் அடிக்கும் முன்பு பத்துத் தடையையும் நடந்து பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். அதிகாரிகள் கொஞ்சம் முறைப்பார்கள்.

திருவாரூரிலிருந்து சக பயிற்சியாளர்: 110 மீட்டர் ஹர்டில்ஸில் என் பையன் முதல் இரண்டு தடையில் முன்னால் இருக்கிறான். மூன்றாவதுக்கு மூன்று காலடியில் போக வரவில்லை, நாலாவது காலடி வைத்துத் தடுமாறுகிறான். கால் பலம் பத்தவில்லையா சார்?

சார் இல்லை, மேடம்! பரவாயில்லை, கேள்வி அருமையானது.

தடைக்கும் தடைக்கும் நடுவில் 9.14 மீட்டர். தடைக்கு இரண்டு மீட்டருக்கும் சற்று முன்பே கால் எடுக்கிறான், தாண்டி ஒன்றே கால், ஒன்றரை மீட்டரில் இறங்குகிறான் என்று வையுங்கள். மூன்று காலடிக்கு மிஞ்சுவது ஆறு மீட்டருக்கும் குறைவு. அதாவது ஒரு காலடிக்கு இரண்டு மீட்டர்கூட இல்லை. 100 மீட்டர் ஓடும்போது உங்கள் பையன் இதைவிட நீளமாகத்தான் வைக்கிறான். ஆக, கால் எட்டாமல் இல்லை. தடையின் மேலே வேகம் செத்துப் போகிறது.

பக்கவாட்டில் நின்று பாருங்கள். அநேகமாகத் தடைக்கு மிகக் கிட்டே வந்து எடுக்கிறான். கிட்டே வந்தால் மேலே குதித்தே ஆக வேண்டும். குதித்தால் கால் உடம்புக்கு முன்னால் இறங்கும், பிரேக் போட்ட மாதிரி ஆகும். முதல் தடைக்குப் பிளாக்கிலிருந்து (காலை ஊன்றிக் கிளம்பும் கட்டை) வந்த வேகம் கையில் இருப்பதால் இரண்டாவதுவரை சமாளிக்கிறான். மூன்றாவதில் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

பள்ளியிலிருந்து வரும் பையன்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை உயரம் 91.4 சென்டிமீட்டர், 20 வயதுக்குட்பட்டோருக்கு 99.1. கல்லூரிக்கு வந்து பல்கலைக்கழகப் போட்டி என்றதும் 106.7. இடைவெளி அதேதான், உயரம் மட்டும் அரை அடி அளவு ஏறிவிடுகிறது. அதனால் முதல் வருடப் பையனை நான் உடனே 106.7-ல் விட மாட்டேன். தடையை 91-க்கு இறக்கி, இடைவெளியையும் எட்டரை மீட்டராகக் குறைத்து, மூன்று காலடித் தாளம் உடம்பில் ஏறும்வரை ஓட விடுவேன். பிறகு இடைவெளி, கடைசியில் உயரம். தரையில் தடைக்கு இரண்டு மீட்டர் முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு 'இதைத் தாண்டி மிதிக்காதே' என்று சொல்லிப் பாருங்கள், பாதி சரியாகிவிடும்.

ஸ்டாப்வாட்ச் இருந்தால் ஒரு தடை தாண்டி இறங்கியதிலிருந்து அடுத்ததில் இறங்கும்வரை நேரம் எடுங்கள். 15 விநாடி ஓடுகிறவனுக்கு இது 1.2 விநாடி அளவில் வரும். 110 மீட்டர் ஹர்டில்ஸ் வீரர் தேஜஸ் ஷிர்சே 2024-ல் 13.41 விநாடியில் ஓடினார், அந்த மாதிரி ஓட்டத்தில் 1.05 சுற்றி இருக்கும். எந்தத் தடையில் எண் கூடுகிறதோ அங்கேதான் உங்கள் வேலை.

மயிலாடுதுறை, சீர்காழியிலிருந்து நாலைந்து பேர்: மழைக்காலத்தில் என்னதான் செய்வது?

அக்டோபர் வந்தாலே எனக்கும் தலைவலி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியை ஒட்டி வரும், நம் மைதானமோ அப்போதுதான் சேறும் சகதியுமாகக் கிடக்கும். நம் களிமண் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் வழுக்கும். தொடைப் பின்தசை கிழிவது இந்த மாதிரி நாளில்தான். எனவே தரை சரியில்லை என்றால் முழு வேகம் கிடையாது. வராந்தாவில் தடையை வரிசையாக வைத்து நடந்து தாண்டுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்காலைச் சுற்றிக் கொண்டுவருவது, படிக்கட்டு, எடைப் பயிற்சி என்று வண்டி ஓடும். தார் ரோட்டில் தினமும் ஓட விடாதீர்கள், முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு வலி வந்துவிடும். வாரம் ஒரு நாள் திருச்சி அண்ணா ஸ்டேடியம் சிந்தெடிக் டிராக்குக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக முடிந்தால் போங்கள். பஸ் காசுக்கு நிர்வாகத்திடம் பிடிவாதம் பிடியுங்கள்.

முழு வேகப் பயிற்சி நடக்கும் நாளில் அளவு குறைவாகவும் ஓய்வு தாராளமாகவும் இருக்கட்டும். பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம் என்பது எங்கள் கணக்கு. 60 மீட்டர் ஓடினால் ஆறு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பார்க்கிறவர்கள் 'என்ன மேடம், பிள்ளைகள் அரட்டை அடிக்கிறார்கள்' என்பார்கள்.

கோடையில் கொள்ளிடம் மணலில் ஓடலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். கால் பலத்துக்கு நல்லதுதான், ஆனால் மணலில் பாதம் தரையில் கூடுதல் நேரம் நிற்பதால் வேகம் பழகாது. குதிகால் தசைநாண் வலி இருப்பவர்கள் பக்கமே போக வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் கிடக்கும் இடத்தில் எவ்வளவு சொன்னாலும் ஓட விட மாட்டேன்.

அறுவடை நேரத்தில் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். திட்டாதீர்கள். நெல் மூட்டை தூக்கிவிட்டு வரும் பையனுக்கு அன்றைக்கு எடைப் பயிற்சி வேண்டாம், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் மாணவர்: ஜிம்மில் ஒரு பவுடர் சொல்கிறார்கள். சாப்பிடலாமா?

வேண்டாம். ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டினால் 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது எடுபடாது. உடம்பில் போனதற்கு நீதான் பொறுப்பு. போட்டியில் ஓட 4 வருடம்வரை தடை வரும், உன் கல்லூரி வாழ்க்கையே மூன்று வருடம்தான். ஊர் மருத்துவர் வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. 'நான் விளையாட்டு வீரன்' என்று சொல்லிவிட்டு ஊசி போட்டுக்கொள். நம்ம ஊரில் உளுந்துக்கும் வேர்க்கடலைக்கும் பஞ்சமா? முட்டை, உளுந்தங்களி, பயறு, மோர் ஊற்றிய பழைய சோறு, இவற்றையே சரியாகச் சாப்பிடுகிறவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சின்னக் கேள்விகள் சில. வெறுங்காலில் ஓடலாமா? மண்ணில் பயிற்சிக்குச் சரி, தடைக்கு வேண்டாம். பெண் கோச் பையன்களுக்குப் பயிற்சி தரலாமா? தந்துகொண்டுதானே இருக்கிறேன். பிளாக்கில் ஒரு தடவை சத்தத்துக்கு முன்பே கிளம்பிவிட்டால் மன்னிப்பு உண்டா? 2010 முதல் தனி ஓட்டங்களில் கிடையாது, ஒரே ஃபால்ஸ் ஸ்டார்ட்டில் வெளியே.

திருச்சி, லால்குடி பக்கத்துப் பயிற்சியாளர்: நாம் வளர்த்த பிள்ளையைக் கேம்ப்புக்கு (பயிற்சி முகாமுக்கு) கொண்டுபோய்விடுகிறார்கள். அப்புறம் நம் பெயரே இல்லை. வருத்தமாக இல்லையா?

உங்கள் ஊருக்கு இந்த வருத்தம் நிறையவே இருக்கும். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய இந்தியக் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் நாலு பேரில் இரண்டு பேர், ஆரோக்கிய ராஜீவும் சுபா வெங்கடேசனும், திருச்சி மாவட்டம். ஆரம்பத்தில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனவர்கள் பெயர் ஸ்கோர்போர்டில் வராது. பி.டி. உஷாவின் கோச் நம்பியாருக்கு 1985-ல் துரோணாச்சார்யா விருது கிடைத்தது. அவர் பல வருடம் கூடவே இருந்தவர். எல்லோருக்கும் அப்படி அமையாது.

எனக்கு வருத்தத்தைவிடக் கவலைதான் அதிகம். பிள்ளை கேம்ப்புக்குப் போய் மூன்றாவது மாதமே தசை கிழிந்து திரும்பி வந்தால், பாதி நேரம் காரணம் புது இடத்துக்குப் பழைய கணக்கு தெரியாததுதான். அதனால் அனுப்பும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தனுப்புங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் முழு வேகம், எந்தக் காலில் எப்போது அடிபட்டது, முதல் தடைக்கு எட்டுக் காலடியா ஏழா, 400 ஹர்டில்ஸ் என்றால் எத்தனையாவது தடையில் அடிக்கணக்கு மாறுகிறது, எந்த மாதத்தில் எடை குறைந்தது, எல்லாம் தேதியோடு. ஆங்கிலத்தில் எழுதினால் வெளிமாநிலக் கோச்சுக்கும் புரியும். கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். சிலர் கூப்பிட்டுக் கேட்பார்கள்.