இரண்டு அடி செம்மண் போதுமா? கடலோரப் பழைய பட்டறை நிலம் பூங்காவாகும் முன் கேட்க வேண்டியவை

மும்பை அண்டாப் ஹில்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "சிவ்ரிக்கும் வடாலாவுக்கும் இடையில் கடலோரமாகப் படகுகளையும் பார்ஜுகளையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. டீசல் தொட்டிகளும் இருந்தன. மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் பிள்ளைகள் அங்கேதான் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். இப்போது அதைப் பூங்காவாக்கப் போவதாகச் சொல்கிறார்கள். இரண்டு அடி செம்மண் கொட்டிப் புல் போட்டால் போதும், அடுத்த ஆண்டே திறந்துவிடலாம் என்று ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது சரியா? எங்கள் குடியிருப்போர் சங்கம் மனு கொடுக்கவிருக்கிறது. அதில் எதைக் கேட்க வேண்டும்?"

இரண்டு அடி செம்மண் சில நிலங்களுக்குப் போதும். சில நிலங்களில் அது ஆபத்தை மூடிமறைக்கும் போர்வையாகிவிடும். உங்கள் நிலம் இவற்றில் எந்த வகை என்பதை மண்ணைச் சோதிக்காமல் எவராலும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் மனுவின் முதல் வரி ஊஞ்சலையோ நடைபாதையையோ பற்றியதாக இருக்கக் கூடாது. வடிவமைப்புக்கு ஒப்பந்தம் விடுவதற்கு முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, அறிக்கையை முழுமையாக வெளியிட வேண்டும் என்பதே முதல் வரியாக இருக்கட்டும். மற்ற எல்லாம் அந்த அறிக்கையிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

படகுப் பட்டறை என்றால் அடியில் என்னென்ன இருக்கக்கூடும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். இரும்புக்கு அடிப்பூச்சாகப் பூசப்பட்ட செவ்வீயத்தில் ஈயம் உண்டு. துருவைச் சுரண்டும்போது அது துகளாகி மண்ணில் படிந்திருக்கும். படகின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசிய பழைய வண்ணங்களில் டிரைபியூட்டைல்டின் என்ற கடும் நஞ்சு இருந்தது. அதைத் தடுக்கும் உலக உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முன் நடந்த பட்டறை எதிலும் அதைத் தேடிப் பார்ப்பதே நல்லது. எஞ்சின் அறைக் குழாய்களைச் சுற்றியிருந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), டீசலோடு சேர்ந்து இறங்கிய பென்சீன், கழிவு எண்ணெயிலிருந்து வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைவிட முக்கியமானது, இவை ஒவ்வொன்றும் குழந்தையை வந்தடையும் வழி. ஈயம் கைவிரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது. கல்நார் தூசியாக மூச்சில் நுழைகிறது. பென்சீன் ஆவியாக மேலே எழுகிறது. நிலத்தைப் பாதுகாப்பாக்குவது என்றால் இந்த வழிகளை அடைப்பது அல்லது மூலத்தையே அகற்றுவது. ஈயத்துக்கு மேல் சுத்தமான மண்ணைக் கனமாகப் போட்டு, அதை யாரும் தோண்டாமல் பார்த்துக்கொண்டால் வழி அடைபடும். ஆவியை மண் முழுமையாகத் தடுக்காது. திறந்தவெளியில் அது காற்றில் கலந்து போய்விடும்; அறைக்குள் தேங்கும். பூங்காவில் அறை ஏது என்று நினைக்காதீர்கள். வாயிலருகே காவலாளியின் சிறு அறை இருக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒருவர் அதற்குள் உட்கார்ந்திருப்பார். நான் பார்த்த பூங்கா வரைபடங்கள் பலவற்றில் அந்த அறையின் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், கடற்கழியோரமாக அமைந்த ஒரு சிறு பூங்காவைப் பார்க்க என்னை அழைத்தார்கள். திறந்து இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. ஊஞ்சலுக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புல் மஞ்சளாகிக் கருகியிருந்தது. குதிகாலால் அந்த இடத்தை அழுத்தியதும் தண்ணீர் கசிந்தது. அதன் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. டீசல் வாடை முகத்தில் அடித்தது. மேலே கொட்டிய முரம் என்ற சரளைமண் அங்கேயேதான் இருந்தது, ஆனால் அடியிலிருந்து தண்ணீர் ஏறியபோது எண்ணெயும் கூடவே ஏறிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்த இடத்தில் ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். அவர் ஊஞ்சலைப் பார்த்த உடனே, "இங்கனதான தம்பி, ஆயிலை மாத்துனா பழசை இந்தக் குழியிலதான ஊத்துவோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் அந்தப் பூங்காவைக் கட்டியிருந்தார்கள்.

அதனால்தான் சோதனைக்கு முன்பே உங்கள் சங்கம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் அண்டாப் ஹில்லிலும் சயான் கோலிவாடாவிலும் தாராவியிலும் இன்றும் இருப்பார்கள். அவர்களை நிலத்துக்கு அழைத்துப் போய், வண்ணம் சுரண்டிய இடம், தொட்டி இருந்த இடம், கழிவு எண்ணெய் ஊற்றிய குழி, பேட்டரி உடைத்த மூலை என ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் குறித்து வாங்குங்கள். சோதனைக்காரர்கள் வழக்கமாகக் கட்டம் போட்டுச் சீரான இடைவெளியில் துளையிடுவார்கள். பத்தடி அகலக் குழி இரண்டு துளைகளுக்கு நடுவே எளிதாகத் தப்பிவிடும். அந்தத் தாளை மனுவோடு இணைத்து, குறித்த ஒவ்வொரு இடத்திலும் துளையிட வேண்டும் என்று கேளுங்கள்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதிலும் கண் வேண்டும். மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்த மாதிரி போதாது. கொட்டிய மண்ணையும் தாண்டி, அடியில் இருக்கும் கடல் களிமண் வரை துளை போக வேண்டும். மும்பையில் பெரிய ஓதத்தின்போது கடல் மட்டம் ஒரே நாளில் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவதால், கரையோர நிலத்தடி நீரும் அதோடு சேர்ந்து மூச்சுவிடுவதுபோல் அசைகிறது. ஒரு நாள் மதியம் எடுத்த ஒரே ஒரு நீர் மாதிரி எதையும் சொல்லாது. கண்காணிப்புக் கிணறுகளில் ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும், மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும் மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வகம் அரசு அங்கீகாரம் பெற்றதாகவும், கட்டுமான ஒப்பந்தக்காரருக்குத் தொடர்பில்லாததாகவும் இருக்க வேண்டும்.

கடல் களிமண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வரும் அந்தச் சேறு நீருக்கடியில் இருக்கும்வரை சாதுவானது. குளம் வெட்டுகிறோம் என்று அதைத் தோண்டி வெயிலில் குவித்தால், அதிலுள்ள இரும்பு சல்பைடு காற்றுப்பட்டு அமிலமாக மாறும். அந்த அமிலம் அதுவரை அசையாமல் இருந்த உலோகங்களைக் கரைத்து மழைநீரில் ஓடவிடும். அழகுக்காக வெட்டும் ஒரு அல்லிக்குளம் புதிய மாசுக்குக் காரணமாகிவிடக்கூடும்.

எண்ணெய்க்கும் உலோகத்துக்கும் வைத்தியம் வேறு. எண்ணெய் நுண்ணுயிரிகளுக்கு உணவு. தோண்டிய மண்ணை நீண்ட மேடுகளாகக் குவித்து, உரமும் ஈரமும் காற்றும் கொடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தால், மும்பையின் வெப்பத்தில் சில மாதங்களில் டீசல் பெருமளவு குறையும். ஈயத்தை எந்த நுண்ணுயிரியும் தின்று தீர்க்காது. அதை மூட வேண்டும், அல்லது தோண்டி எடுத்துத் தலோஜாவில் உள்ளதைப் போன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு லாரியில் அனுப்ப வேண்டும். செலவு அதிகம் என்பதால் மிக மோசமான திட்டுகளை மட்டும் அகற்றிவிட்டு மற்றதை மூடுவதே பெரும்பாலும் நடைமுறை. மூடும்போது பழைய மண்ணுக்கும் புதிய மண்ணுக்கும் நடுவே பளிச்சென்ற ஆரஞ்சு நிற வலை ஒன்றை விரிக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டுகள் கழித்துக் குழாய் பதிக்க வரும் தொழிலாளியின் கடப்பாரை அந்த வலையைத் தொட்டதும் அவர் நிறுத்துவார். இரண்டு அடி மண் புல்லுக்குச் சரி. மரத்துக்கு ஐந்தடியாவது வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும் பூவரசும் புன்னையும் இந்தக் கரைக்கு ஏற்றவை.

அவசரத்துக்கு விலை உண்டு என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏரிக்கரையில் இருக்கும் கேஸ் ஒர்க்ஸ் பூங்கா நல்ல பாடம். 1906 முதல் 1956 வரை நிலக்கரியிலிருந்தும் பின்னர் எண்ணெயிலிருந்தும் எரிவாயு தயாரித்த ஆலை அது. ரிச்சர்டு ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் பழைய கோபுரங்களை இடிக்காமல் நிறுத்தி, மண்ணை உயிரி முறையில் தேற்ற முயன்று, 1975இல் பூங்காவாகத் திறக்க வழிசெய்தார். தொழிற்சாலை நிலமும் பூங்காவாகலாம் என்று உலகத்துக்கே காட்டிய முன்னோடி வேலை அது. அதன் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் 1984இல் மாசு பற்றிய அச்சத்தால் பூங்காவைத் தற்காலிகமாக மூடிச் சோதிக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரும் தார் மேலே கசிந்தது. ஏரியின் அடிப்படிவுகளைச் சுத்தம் செய்யும் பிரச்சினை பல பத்தாண்டுகளாக நீண்டது. மாறாக, ஷாங்காயில் பழைய உருக்காலையும் கப்பல் பட்டறையும் இருந்த ஆற்றங்கரையில் 2010 உலகக் கண்காட்சிக்காக அமைந்த ஹௌதான் பூங்கா, கரையைக் கான்கிரீட் சுவராக விடாமல் நாணலும் படிக்கட்டு வயல்களும் கொண்ட ஈரநிலமாக மாற்றியது. ஆற்றின் மாசு நீரை நாளுக்கு 2,400 கன மீட்டர் அளவுக்கு வடித்துத் தரும்படி அது வடிவமைக்கப்பட்டது.

உங்கள் கரைக்கு அந்த இரண்டாவது பாடம் இன்னும் நெருக்கமானது. சிவ்ரி சேற்றுப் பரப்புக்குப் பூநாரைகள் வருகின்றன, அலையாத்திகள் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் அலையாத்திகளைச் சுற்றி 50 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். கரையோரம் பளிங்கு நடைமேடை காட்டும் வண்ணப்படத்தை யாராவது நீட்டினால், அது இந்த 50 மீட்டருக்குள் வருகிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. தாராவியின் விளிம்பில், மித்தி ஆற்றோரம் குப்பைமேடாகக் கிடந்த 37 ஏக்கர் நிலம் 1994இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சங்கத்தாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போங்கள். இந்த ஊரில் இது நடக்கக்கூடியதுதான் என்ற நம்பிக்கை அந்த மர நிழலில் தானாக வரும்.

எவ்வளவு சுத்தம் போதும் என்ற அளவைப் பிறர் முடிவு செய்யும்வரை காத்திருக்காதீர்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு ஏற்புடையதா என்பதே நீண்ட போராட்டமானது. குழந்தைகள் மண்ணில் விளையாடும் பகுதிக்கு ஓர் அளவு, நடைபாதைக்கு வேறோர் அளவு என்று பயன்பாட்டைப் பொறுத்து அளவுகளை எழுத்தில் கேளுங்கள். மண் மோசமாக உள்ள இடத்தில் வாகன நிறுத்தமும், சுத்தமான இடத்தில் விளையாட்டுத் திடலும் வருமாறு வரைபடத்தையே மாற்றலாம். அதுவே மிகச் சிக்கனமான வைத்தியம்.

சட்டம் இப்போது உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. மாசடைந்த நிலங்களைக் கையாள்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய நிலங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவர் கண்டறியப்பட்டால் செலவு அவருடையது. ஆகவே மனுவை மாநகராட்சிக்கும் துறைமுக ஆணையத்துக்கும் மட்டும் கொடுத்துவிட்டு நிற்காமல், மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கி வையுங்கள்.

நிலத்தின் அளவும் எல்லையும் எழுத்தில் வரட்டும். பருத்தி ஆலை நிலங்களின் கதையை மும்பைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு என்று மும்பையின் 1991 வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி சொன்னது. 2001 திருத்தம், ஆலைக்குள் காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும் என்று மாற்றியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சில சொற்களில் ஊருக்கு வரவேண்டிய பூங்காக்கள் சுருங்கிப்போயின. அதேபோல, மண் மூடாக்கைக் கண்காணிக்கவும் கிணறுகளில் ஆண்டுதோறும் நீரைச் சோதிக்கவும் குறைந்தது இருபது ஆண்டுகளுக்கான நிதி எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும் என்பதையும் கேளுங்கள்.

இவையெல்லாம் நடந்து முடிய ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளோ நாளை மாலையும் அங்கே போவார்கள். ஆடுகளத்தை வெறும் மண்ணிலிருந்து பழைய கான்கிரீட் தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். செருப்பில்லாமல் போகவிடாதீர்கள். வீடு திரும்பியதும் கைகாலை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தின்பண்டம் கொடுங்கள். விளையாடிய உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். அந்த நிலத்தின் ஓரத்தில் யாராவது கீரை பயிரிட்டு விற்றால் வாங்காதீர்கள். நார்நாராகப் பிரியும் வெள்ளைப் பலகைத் துண்டுகளையோ குழாய் உறையையோ பார்த்தால் தொடாமல், படம் எடுத்து மனுவோடு இணையுங்கள். மழைக்கு முந்தைய மாதிரி ஜூன் பிறப்பதற்குள் எடுக்கப்பட்டாக வேண்டும் என்பதால், மனுவை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.