ஃபைல் கிடக்கிறதா, கிடத்துகிறதா?

கேள்வி: மேசைமேல் ஃபைல் கிடக்கிறது என்று சொல்ல, ஆங்கில மெயிலில் 'லேயிங்' என்று எழுதினேன். மேலாளர் 'லையிங்' என்று திருத்தினார். பிறகு விடுப்புக் கடிதத்தில், நேற்று முழுக்கப் படுத்திருந்தேன் என்பதற்கு 'லைட்' என்று போட்டேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். 'லை', 'லே' இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

பதில்: சிரிப்புக்குக் காரணம் இதுதான். 'லைட்' என்றால் 'பொய் சொன்னேன்'. விடுப்புக் கடிதத்தில் அது வந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? பொய் சொல்லும் 'லை'க்கும் படுத்துக்கிடக்கும் 'லை'க்கும் உறவே இல்லை. வேர்கள் வேறு, காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். அதை ஒதுக்கிவிடுவோம்.

மற்ற இரண்டும் நமக்குப் புதியவை அல்ல. 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. குழந்தை தொட்டிலில் கிடக்கிறது. அம்மா குழந்தையைக் கிடத்துகிறாள். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதே கதை. 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் 'லே', வராவிட்டால் 'லை'. உங்கள் ஃபைல் எதையும் கிடத்தவில்லை, தானாகக் கிடக்கிறது. அதனால் 'லையிங்'. கோழி மட்டும் எதை என்று சொல்லாமலே 'லேயிங்' வாங்கிவிடும். அது முட்டைதான் இடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பழைய ஆங்கிலத்தில் இவை 'லிஜ்ஜன்', 'லெஜ்ஜன்' என்று இருந்தன. இரண்டாவது, முதலாவதிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் தாயான மொழியில், வினைச்சொல்லோடு 'யன்' என்ற விகுதியைச் சேர்த்தால் 'அப்படிச் செய்யவை' என்று பொருள் வரும். நாம் 'கிட' என்பதோடு 'த்து' சேர்ப்பது போலத்தான். அந்த விகுதி முன்னால் இருந்த உயிரொலியை மாற்றிவிட்டு, பிறகு தானே மறைந்துபோனது. ஒட்டியது போய்விட்டது, தழும்பு நின்றுவிட்டது. 'சிட்', 'செட்' நமது அமர், அமர்த்து. 'ரைஸ்', 'ரெய்ஸ்' நமது எழு, எழுப்பு. இதில் 'ரெய்ஸ்' மட்டும் ஸ்காண்டிநேவியரிடமிருந்து வந்த சொல். 'டிரெஞ்ச்' என்றால் இன்று தொப்பலாக நனைப்பது. ஆனால் அது பிறந்தது 'டிரிங்க்' சொல்லுக்குப் பிறவினையாக, குடிக்கவைப்பது என்ற பொருளில். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாய்வழியே மருந்து புகட்டுவதைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரி, இவ்வளவு ஒழுங்காக இருந்தும் ஏன் குழப்பம்? வில்லன் இறந்தகாலம். 'லை'யின் இறந்தகாலமே 'லே'! நேற்று படுத்தேன் என்றால் 'ஐ லே டவுன் யெஸ்டர்டே'. நேற்று கிடத்தினேன் என்றால் 'லெய்ட்'. பழைய ஆங்கிலத்தில் 'கிடந்தது' என்பதற்கு 'லேக்' போன்ற வேறொரு வடிவம் இருந்தது. ஒலிகள் தேய்ந்ததில் அதுவும் 'லே'யில் வந்து விழுந்தது. ஜெர்மன் மொழியில் இந்த விபத்து நடக்கவில்லை. 'லீகன்', 'லேகன்' இரண்டும் இறந்தகாலத்திலும் தனித்தனியாகவே நிற்கின்றன. ஆங்கிலத்தில் இன்னொரு ஜோடிக்கும் இதே கதி: மரம் வீழ்ந்தது என்றாலும் 'ஃபெல்', மரத்தை வெட்டி வீழ்த்து என்றாலும் 'ஃபெல்'.

ஆகவே நீங்கள் தடுமாறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பல நூற்றாண்டுகளாக 'லை' வரவேண்டிய இடத்தில் 'லே' போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேச்சில் யாராவது அப்படிச் சொன்னால் நான் திருத்துவதில்லை. அலுவலகக் கடிதத்தில் மட்டும் பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. 'லை'க்கு 'லெய்ன்' என்று மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு. இலக்கணப்படி சரிதான், ஆனால் காதுக்குப் பழையதாகக் கேட்கும். இரண்டு நாளாக ஃபைல் அங்கேயே கிடக்கிறது என்று எழுத வேண்டுமானால், 'ஹேஸ் லெய்ன்' என்று மல்லுக்கட்டாமல் 'ஹேஸ் பீன் லையிங்' என்று எழுதிவிடுங்கள். மேலாளரால் அதில் கைவைக்க முடியாது.